எட்டுத் திசைக்கும் நல்ல முகம்: ‘ஹப்போ பிஜின்’ என்னும் ஜப்பானியத் தொடர்

எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று ஆளுக்குத் தகுந்தபடி இசைந்து போகிறவரை ஜப்பானியர் ‘ஹப்போ பிஜின்’ என்பார்கள். எட்டு, திசை, அழகு, மனிதர் என்னும் நான்கு எழுத்துகளால் ஆன தொடர் இது. ‘எட்டுத் திசையிலிருந்து பார்த்தாலும் அழகானவர்’ என்பது நேர்ப்பொருள். கேட்பதற்குப் பாராட்டுபோல் இருக்கும் இதை இன்றைய ஜப்பானில் பாராட்டாகச் சொல்வதில்லை. ஒருவரை ‘அவர் ஹப்போ பிஜின்’ என்று சொல்லிவிட்டால், பழக இனியவர்தான், ஆனால் நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்க முடியாதவர் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘பிஜின்’ என்ற சொல் தனியே வரும்போது அழகிய பெண்ணையே குறிக்கும். இந்தத் தொடரிலோ அந்த வேறுபாடு கிடையாது. ஆண், பெண் இருவரையும் இப்படிச் சொல்வார்கள்.

பணிவுக்கும் இணக்கத்துக்கும் பெயர் போன சமூகம் ஜப்பான். அங்கே எல்லோரிடமும் இணங்கிப் போவது எப்படிக் குறையாயிற்று என்பதே இத்தொடர் எழுப்பும் முதன்மையான கேள்வி. தொடரின் வடிவம், அது சுட்டும் நடத்தை, அந்த நடத்தையைக் குறையாக்கும் சமூக அமைப்பு, பழைய நூல்களில் அதற்குள்ள வேர், அண்டை மொழிகளில் அதன் நிலை, இன்றைய வழக்கு என்ற வரிசையில் இதற்கு விடை காணலாம்.

நான்கெழுத்துத் தொடர்கள்

சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை ஜப்பானியர் ‘கான்ஜி’ என்கிறார்கள். நான்கு கான்ஜி சேர்ந்து ஒரே சொல்போல் நிற்கும் தொடர் ‘யோஜிஜுகுகோ’. பள்ளிப் பாடநூல், செய்தித்தாள் தலைப்பு, திருமண வாழ்த்துரை, வேலைக்கான நேர்காணல் என எங்கும் இவை புழங்குகின்றன. இவற்றுக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. சீனச் செவ்வியல் நூல்களிலிருந்து வந்தவை முதல் வகை; பௌத்த நூல்களிலிருந்து வந்தவை இரண்டாம் வகை; ஜப்பானிலேயே உருவானவை மூன்றாம் வகை. ஹப்போ பிஜின் மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

மனிதரின் குணத்தைச் சொல்லும் தொடர்களே தனிக் குழுவாக உள்ளன. முடிவெடுக்க முடியாமல் தயங்கிக்கொண்டே இருப்பவரின் குணம் ‘யூஜூ ஃபுதான்’. பிடித்த பிடியை விடாத பிடிவாதம் ‘கங்கோ இத்தெத்ஸு’. குழந்தைபோல் கள்ளங்கபடம் அற்ற தன்மை ‘தென்ஷின் ரம்மான்’. எதையும் ஆவலாகத் தொடங்கி நாலு நாளில் கைவிடுகிறவர் ‘மிக்கா போஜு’, அதாவது மூன்று நாள் துறவி. கைத்திறன் பல இருந்தும் எதிலும் ஊன்றாததால் முன்னுக்கு வராதவரின் நிலை ‘கியோ பிம்போ’. ‘திறமைசாலியின் வறுமை’ என்று அதைச் சொல்லலாம்.

இவற்றில் எது போற்றப்படுகிறது என்பதை அறிய சுமோ மல்யுத்த உலகம் நல்ல சான்று. ஒரு வீரர் ‘ஓசெகி’, ‘யோகொசுனா’ ஆகிய உயர் படிகளுக்கு ஏறும்போது சுமோ சங்கத்தின் தூதர்கள் அவருடைய பயிற்சிக்கூடத்துக்கே வந்து செய்தியை அறிவிப்பார்கள். வீரர் மண்டியிட்டு வணங்கி, இனி எப்படி நடந்துகொள்வேன் என்று ஓரிரு வரியில் உறுதி கூறுவார். அந்த உறுதிமொழியில் நான்கெழுத்துத் தொடரைச் சேர்ப்பது பலரும் பின்பற்றும் வழக்கம். தக்கானொஹானா 1993-இல் ஓசெகி ஆனபோது ‘ஃபுதோ ஃபுகுத்ஸு’ என்றார்: வளையாமை, பணியாமை. 1994-இல் யோகொசுனா ஆனபோது அவர் எடுத்துக்கொண்டது ‘ஃபுஷாகு ஷின்மியோ’. உடலையும் உயிரையும் பொருட்படுத்தாமை என்னும் பௌத்தத் தொடர் அது. அவருடைய அண்ணன் வாக்கானொஹானா 1998-இல் யோகொசுனா ஆனபோது ‘கென்னின் ஃபுபத்ஸு’ என்றார். பொறுமையும் அசையா உறுதியும் என்று பொருள். மூன்றும் நிலைகுலையாத தன்மையைப் புகழ்கின்றன. ஹப்போ பிஜின் இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் நிற்கிறது. வருகிற ஆளுக்கு ஏற்பத் தன் நிலையை மாற்றிக்கொள்வதே அதன் அடையாளம்.

எட்டுத் திசையின் பொருள்

நான்கு பெருந்திசைகளும் நான்கு மூலைகளும் சேர்ந்த எட்டுத் திசை, சீன வழி வந்த சிந்தனையில் ‘எல்லாப் பக்கமும்’ என்பதற்கு நிகர். ஜப்பானியத்தில் ‘ஹப்போ’ என்று தொடங்கும் சொற்கள் பல உண்டு. அவற்றோடு சேர்த்துப் பார்த்தால் இந்தத் தொடரின் தொனி தெளிவாகும்.

கியோத்தோவில் உள்ள மியோஷின்ஜி கோயிலின் பிரசங்க மண்டபக் கூரையில் கானோ தான்யூ என்னும் ஓவியர் வரைந்த டிராகன் ஒன்று சுருண்டு கிடக்கிறது. எட்டு ஆண்டு உழைப்பில் 1656-இல் முடிந்த ஓவியம் அது. மண்டபத்தின் எந்த மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் அதன் கண் பார்ப்பவரையே நோக்கும். ஒரு பக்கம் நின்று பார்த்தால் மேலே ஏறுவதுபோலவும், மறுபக்கம் போனால் கீழே இறங்குவதுபோலவும் தோன்றும். இப்படிப்பட்ட பார்வைக்கு ‘ஹப்போ நிராமி’, அதாவது எண்திசை முறைப்பு, என்று பெயர்.

சமையலறையில் ‘ஹப்போ தாஷி’ உண்டு. கடற்பாசியும் உலர்ந்த சூரை மீன் சீவலும் ஊறிய சாற்றில் சோயா சாறும் ‘மிரின்’ என்னும் இனிப்பு மதுவும் கலந்து வைப்பார்கள். சாறு எட்டுப் பங்கு, மற்ற இரண்டும் ஒவ்வொரு பங்கு என்பது பலர் சொல்லும் அளவு. காய் வேகவைக்க, நூடுல்ஸில் ஊற்ற, தொட்டுக்கொள்ள என எதற்கும் உதவுவதால் இந்தப் பெயர்.

‘ஹப்போ ஃபுசாகாரி’ என்பது எந்தத் திசையிலும் வழி அடைபட்ட நிலை. திசைகளுக்கு நன்மை தீமை வகுத்த பழைய சோதிடத்திலிருந்து வந்த சொல் இது. இன்றும் பல ஷிந்தோ கோயில்களில், எந்த ஆண்டில் பிறந்தவர்களுக்கு நடப்பு ஆண்டில் எட்டுத் திசையும் அடைபட்டிருக்கிறது என்று பட்டியல் எழுதி வைக்கிறார்கள். கனகாவா மாநிலத்தின் சமுகாவா கோயில் இவ்வகைத் திசைத் தோஷ நிவர்த்திக்குப் பெயர் பெற்றது.

டிராகனுக்கும் சாற்றுக்கும் எல்லாத் திசைக்கும் பொருந்துவது சிறப்பு. மனிதருக்கு மட்டும் அது குறை. டிராகன் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. சாறு எந்தச் சட்டியில் விழுந்தாலும் சாறாகவே இருக்கிறது. ஹப்போ பிஜின் எனப்படுபவரிடம் அப்படி மாறாமல் நிற்பது எதுவும் இல்லை என்பதே குற்றச்சாட்டு.

நடத்தையின் இயல்பு

ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொருளின் விலையைக் குறைத்தால்தான் சந்தையில் நிற்க முடியும் என்று விற்பனைப் பிரிவுத் தலைவர் காலையில் ஒருவரிடம் சொல்கிறார். ‘நருஹோதோ’ (சரிதான்) என்று தலையசைத்து, ‘எனக்கும் அதே எண்ணம்தான்’ என்கிறார் அவர். மாலையில் உற்பத்திப் பிரிவுத் தலைவர், விலையில் கை வைத்தால் தரம் போய்விடும் என்கிறார். அங்கேயும் அதே தலையசைப்பு, அதே ‘எனக்கும் அதே எண்ணம்தான்’. மறு வாரக் கூட்டத்தில் இரு பிரிவும் மோதும்போது இருவருமே அவர் தம் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்க்கிறார்கள். அவரோ குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவருக்கு ஹப்போ பிஜின் என்ற பெயர் விழுந்துவிடும்.

இங்கே மூன்று நடத்தைகளை இதிலிருந்து பிரித்தறிய வேண்டும். முதலாவது ‘ஐசுச்சி’. எதிரில் இருப்பவர் பேசும்போது இடையிடையே ‘ஹாய்’, ‘ஏ’ என்று ‘உம்’ கொட்டுவது ஜப்பானியப் பேச்சில் கட்டாயமான மரியாதை. அது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கான குறியே தவிர ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்கு அல்ல. வெளிநாட்டார் இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுவது உண்டு, ஜப்பானியர் ஏமாறுவதில்லை.

இரண்டாவது ‘நெமவாஷி’. மரத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நடும் முன் வேர்களைச் சுற்றி வெட்டிப் பக்குவப்படுத்தும் தோட்ட வேலைக்கு உரிய சொல் அது. அலுவலக வழக்கில், கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசி ஒரு முடிவுக்கு இணக்கம் தேடுவதைக் குறிக்கிறது. வெளிப்பார்வைக்கு இதுவும் எல்லோரிடமும் போய் இனிமையாகப் பேசும் வேலைதான். நெமவாஷி செய்கிறவர் ஒரே யோசனையைப் பத்துப் பேரிடம் கொண்டு செல்கிறார். ஹப்போ பிஜினோ பத்துப் பேரிடமும் அவரவர் யோசனையையே திருப்பிக் கொடுக்கிறார்.

மூன்றாவது ‘ததெமாயே’. ஒருவர் தம் பதவிக்கும் இடத்துக்கும் ஏற்ப வெளிப்படையாகச் சொல்வது ததெமாயே. உள்ளத்தில் உண்மையாக நினைப்பது ‘ஹொன்னே’. இந்த இரட்டை ஏற்பாட்டைப் பொய் வேடம் என்று சிலர் கருதுகிறார்கள். மனநல மருத்துவர் தொய் தாக்கெயோ அப்படிக் கருதவில்லை. ‘அமாயே நோ கோசோ’ (1971) என்ற நூலால் புகழ்பெற்ற அவர், 1985-இல் வெளியான ‘ஒமோத்தே தோ உரா’ என்ற நூலில், இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று விளக்கினார். ததெமாயே பேசப்படும்போது அது ததெமாயே என்பது பேசுபவர், கேட்பவர் இருவருக்கும் தெரியும். ஆகவே அங்கே ஏமாற்று இல்லை.

ஹப்போ பிஜினின் தவறு இந்த இடத்தில்தான் துலங்குகிறது. அவர் ததெமாயேயை ஹொன்னேயின் குரலில் பேசுகிறார். விற்பனைத் தலைவரிடம் ‘உங்கள் கருத்தையும் பரிசீலிக்கலாம்’ என்று சொல்லியிருந்தால் அது வழக்கமான ததெமாயே. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘எனக்கும் அதே எண்ணம்தான்’ என்று நெருங்கிய குரலில் சொன்னதால், கேட்டவர் தமக்கு மட்டும் மனம் திறந்ததாக நம்பிவிட்டார். அதே மனத்தை இன்னொருவரிடமும் திறந்து காட்டியது தெரியவரும்போது முதலில் கிடைத்த நெருக்கம் மதிப்பிழக்கிறது.

காதலர்களுக்கும் கணவன் மனைவிக்கும் இடையில் இத்தொடர் வருவதும் இதே காரணத்தால்தான். ‘எல்லோரிடமும் ஒரே மாதிரி அன்பாக இருக்கிறார்’ என்பது அங்கே புகழ்ச்சி அல்ல, புகார்.

உள்ளும் புறமும்

ஜப்பானிய உறவுமுறையை விளக்குவோர் ‘உச்சி’, ‘சொத்தோ’ என்ற இரண்டு சொற்களைத் தவறாமல் எடுத்தாளுவர். உச்சி என்பது உள்; வீடு, குடும்பம், தன் நிறுவனம், தன் குழு. சொத்தோ என்பது புறம். ஒருவர் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை இந்தக் கோடே தீர்மானிக்கிறது. இலக்கணத்திலும் அது இடம் பிடித்திருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் பிரிவுத் தலைவர் பெயர் தனாகா என்று வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்துக்குள் அவருக்குக் கீழே வேலை செய்பவர் அவரைப் பதவிப் பெயர் சேர்த்து ‘தனாகா காச்சோ’ என்று அழைப்பார். அவர் செய்வதையெல்லாம் உயர்வு வினையால் சொல்வார். வெளி நிறுவனத்தார் ஒருவர் தொலைபேசியில் அவரைக் கேட்டுவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. அதே ஊழியர், பதவியும் ‘சான்’ என்ற மரியாதை ஒட்டும் இல்லாமல் வெறுமனே ‘தனாகா’ என்று சொல்லி, அவர் இருக்கையில் இல்லை என்பதைத் தாழ்வு வினையால் தெரிவிப்பார். தனாகா இப்போது ‘நம்மவர்’. புறத்தாரிடம் நம்மவரை உயர்த்திப் பேசக் கூடாது. இதை ஒப்புநிலை மரியாதை முறை என்று மொழியியலாளர் வகைப்படுத்துகின்றனர். ஆக, ஜப்பானியம் பேசுகிறவர் வாயைத் திறந்ததுமே தாம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

சமூக மானிடவியலாளர் நகானே சியே (1926–2021) இந்த அமைப்பை வேறொரு கோணத்திலிருந்து அணுகினார். 1950களில் இந்தியாவில் கள ஆய்வு செய்து, காரோ, காசி மக்களைப் பற்றி நூல் எழுதியவர் அவர். பிற்காலத்தில் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். 1967-இல் வெளியான ‘தத்தே ஷகாய் நோ நிங்கென் கங்கேய்’ (செங்குத்துச் சமூகத்தின் மனித உறவுகள்) என்ற அவருடைய சிறு நூல் ஜப்பானிய சமூகவியலில் அதிகம் பேசப்பட்ட நூல்களில் ஒன்று. மனிதர் குழுவாகச் சேர்வதற்கு இரண்டு அடிப்படைகள் உண்டு என்றார் நகானே: ஒன்று தகுதி, அதாவது பிறப்பு, தொழில் போன்றவை, மற்றொன்று களம், அதாவது வீடு, ஊர், நிறுவனம் போன்ற இருப்பிடம். இந்தியச் சாதி முறை தகுதியின் அடிப்படைக்கு அவர் காட்டிய தெளிவான எடுத்துக்காட்டு. ஜப்பானில் களமே ஓங்கி நிற்கிறது. தொழிலைக் கேட்டால் ‘நான் பொறியாளர்’ என்பதைவிட ‘நான் இன்ன நிறுவனத்தைச் சேர்ந்தவன்’ என்று சொல்வது அங்கே இயல்பு. களத்தால் அமைந்த குழுவில் ஒருவருக்கு ஒரு குழுவே முழுமையாக உரியது. பல குழுக்களில் சரிசமமாக ஒட்டிக்கொள்வது கடினம்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஜப்பானியச் சமூகம் போற்றும் இணக்கம் வரம்பற்ற இணக்கம் அல்ல. உள்ளே இருப்பவருக்கு ஒரு முகம், புறத்தே இருப்பவருக்கு ஒரு முகம் என்று வகுத்த கோட்டின் மேல்தான் அது நிற்கிறது. உள்ளவருக்கு மட்டுமே உரிய மனத்திறப்பை எல்லோருக்கும் வாரி வழங்குகிறவர் அந்தக் கோட்டை அழிக்கிறார். அவர் யாருக்கும் பகைவர் அல்லர். அதேபோல் யாருக்கும் நம்மவரும் அல்லர்.

பழைய நூல்களில் வேர்

ஹப்போ பிஜின் என்ற தொடர் சீன நூல்களில் வேர் கொண்டதல்ல என்றாலும், அது சுட்டும் மனிதரைப் பற்றிய கண்டிப்பு மிகப் பழையது. கன்ஃபூசியஸின் உரையாடல் தொகுப்பில், அவருடைய சீடர் ட்ஸகோங் ஒரு கேள்வி எழுப்புகிறார்: ஊரார் அனைவருக்கும் பிடித்தவராக ஒருவர் இருந்தால் அவரை நல்லவர் என்று கொள்ளலாமா? அது போதாது என்கிறார் ஆசிரியர். ஊரிலுள்ள நல்லவர்கள் விரும்ப, தீயவர்கள் வெறுக்க வேண்டும். அவரே மேலானவர் என்பது அவர் விடையின் சாரம். அதே நூலில், ஊராரிடம் நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவரை அறத்தின் திருடர் என்று கன்ஃபூசியஸ் கடிந்துகொள்கிறார். இப்படிப்பட்டவரை ஜப்பானியர் ‘கியோகென்’ என்ற சொல்லால் குறிப்பர்.

பின்வந்த மென்சியஸ் இக்கருத்தை விரித்தார். இத்தகையவரிடம் குறை காணப் புகுந்தால் குறையே அகப்படாது, ஊர்ப் போக்கோடு போவார், நேர்மையானவர்போலவே தெரிவார், எல்லோருக்கும் பிடித்திருப்பார், தாம் செய்வதே சரி என்றும் நம்புவார். வெளிப்படையான தீயவரைவிட நல்லதைப்போல் தோன்றும் போலியே ஆபத்து என்பது அவர் முடிவு. எடோ காலத்தில் (1603–1868) பிரபுக்களின் பள்ளிகளில் படித்த சாமுராய் சிறுவர்கள் இந்நூல்களை வாய்விட்டுப் படித்தே வளர்ந்தார்கள்.

இணக்கம் என்பதற்கும் ஒத்தூதல் என்பதற்கும் உள்ள வேறுபாடும் கன்ஃபூசியஸ் மரபிலேயே வகுக்கப்பட்டது: மேலானவர் பிறரோடு இணங்குவார், ஆனால் பிறர்போல் ஆகிவிட மாட்டார். இளவரசர் ஷோதோக்கு 604-இல் இயற்றியதாக ‘நிஹோன் ஷோக்கி’ (720) என்னும் வரலாற்று நூல் கூறும் பதினேழு விதிகளில் முதல் விதி இணக்கத்தையே முதன்மைப்படுத்துகிறது. அதே விதி, மேலோரும் கீழோரும் கூடி விவாதித்தால் காரியங்களின் நியாயம் தானே தெளிவாகும் என்ற கருத்தோடு முடிகிறது. கடைசி விதியோ, பெரிய காரியங்களை ஒருவரே முடிவு செய்யாமல் பலரோடு கலந்து பேச வேண்டும் என்கிறது. இணக்கத்தின் மூல ஆவணம் என்று சொல்லப்படும் இதிலும், மாற்றுக் கருத்தை எடுத்துச் சொல்வது விலக்கப்படவில்லை; எதிர்பார்க்கப்படுகிறது.

அண்டையில் நிற்கும் தொடர்கள்

ஹப்போ பிஜினோடு சேர்த்து எண்ணப்படும் வேறு சில தொடர்களும் உண்டு. ‘ஃபுத்தாமத்தா கோயாக்கு’ என்பது உட்தொடையில் போட்ட மருந்துப் பற்று. நடக்க நடக்க அது இந்தத் தொடையிலும் ஒட்டும், அந்தத் தொடையிலும் ஒட்டும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று தமிழில் சொல்லும் ஆள் இவர். இரு எதிரிகளிடமும் ஆதாயம் தேடுவது இங்கே நோக்கம். ‘ஃபுவா ராய்தோ’ என்பது, இடி இடித்தால் எல்லாம் சேர்ந்து அதிர்வதுபோல், சொந்த யோசனை இல்லாமல் கூட்டத்தின் கருத்தோடு போவது. ‘ஹியொரிமி’ என்பது வானிலை பார்ப்பது. எந்தப் பக்கம் வெல்லும் என்று தெரியும்வரை நகராமல் காத்திருப்பது.

கடைசிக் குணத்துக்கு ஒரு மலைக்கணவாயின் பெயரே வழங்குகிறது. 1582 ஜூனில் அகெச்சி மித்ஸுஹிதே தம் தலைவர் ஓதா நொபுநாகாவைக் கியோத்தோவின் ஹொன்னோஜி கோயிலில் தாக்கி மாளச் செய்தார். சில நாள்களில் நொபுநாகாவின் தளபதி தோயோதோமி ஹிதேயோஷி பழிதீர்க்கப் படையோடு திரும்பினார். யமாத்தோ பகுதியின் தலைவர் த்ஸுத்ஸுயி ஜுன்கேய், கியோத்தோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையிலுள்ள ஹொராகாதோகே கணவாயில் படையை நிறுத்திக்கொண்டு யார் கை ஓங்குகிறது என்று பார்த்திருந்தார் என்பது கதை. உண்மையில் அந்தக் கணவாயில் காத்திருந்தவர் மித்ஸுஹிதே. ஜுன்கேயின் உதவியை எதிர்பார்த்தே அவர் அங்கு வந்தார். ஜுன்கேய் தம் கோரியாமா கோட்டையை விட்டு வெளியே வரவில்லை. எனினும் ‘ஹொராகாதோகேயில் உட்கார்வது’ என்ற வழக்கு நிலைத்துவிட்டது.

ஆதாயம் தேடுவதும் காத்திருப்பதும் கணக்குப் பார்க்கும் செயல்கள். ஹப்போ பிஜினிடம் பெரும்பாலும் அப்படிக் கணக்கு இருப்பதில்லை. யாருடைய வெறுப்புக்கும் ஆளாகக் கூடாது என்ற அச்சமே அவரை இயக்குகிறது. இடத்துக்கு ஏற்பத் தம் தோற்றத்தைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும் இருப்பதை அமெரிக்க உளவியலாளர் மார்க் ஸ்னைடர் 1974-இல் தற்கண்காணிப்பு என்ற கருத்தாக வகுத்தார். அப்பழக்கம் மிகுந்தவர் சூழலை நன்கு படிப்பார், எளிதில் பழகுவார்; தமக்கென ஒரு நிலை இருப்பதை வெளியே காட்ட மாட்டார்.

நாவலில் ஓர் உருவம்

இனிமையான முகத்தின் பின்னால் உள்ளதைக் காட்டும் பாத்திரங்களில் ஜப்பானியர் அனைவரும் அறிந்தவர் ‘சிவப்புச் சட்டை’. நத்ஸுமே சோசேக்கி 1906-இல் வெளியிட்ட ‘போச்சான்’ நாவலில் வரும் தலைமை உதவி ஆசிரியர் அவர். இலக்கியப் பட்டதாரி. உடம்புக்கு நல்லது என்று கோடையிலும் சிவப்பு ஃபிளானல் சட்டை போடுபவர். பெண் குரல்போல் மென்மையாகப் பேசுபவர். தோக்கியோவிலிருந்து ஷிகோக்கு தீவுக்கு வந்து சேர்ந்த இளம் கணித ஆசிரியரை மீன்பிடிக்க அழைத்துப் போய், சக ஆசிரியர் ஒருவரைப் பற்றி நேராக எதுவும் சொல்லாமல் சந்தேகத்தை மட்டும் விதைக்கிறார். அடக்கமான இன்னோர் ஆசிரியருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, அவரைத் தொலைதூர நொபேயோக்காவுக்கு மாற்றிவிடுகிறார். வழியனுப்பு விருந்தில் எழுந்து அவரை மனமுருகப் பாராட்டிப் பேசுபவரும் அவரே. கதையின் நாயகன் இதற்கு மறுதலை: படபடப்பு, முரட்டு வாய், நெஞ்சில் பட்டதைச் சொல்லிவிடும் பழக்கம்.

சிவப்புச் சட்டையிடம் வஞ்சகமும் உண்டு. வெறும் ஹப்போ பிஜினைவிட ஒரு படி முன்னே போனவர் அவர். ஆனாலும் நாவல் நூறாண்டுக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளால் விரும்பிப் படிக்கப்படுவதிலிருந்து, வாசகரின் மனம் இனிய பேச்சாளரைவிட முரட்டு நேர்மையாளரின் பக்கம் சாய்வதை அறியலாம்.

கொரியாவிலும் சீனாவிலும்

இதே நான்கு எழுத்துகள் கொரிய மொழியில் ‘பல்பாங் மியின்’ என்று ஒலிக்கின்றன. அங்கே அன்றாட வழக்கில் இது பாராட்டு. பாட்டு, விளையாட்டு, படிப்பு, சமையல் என எதைத் தொட்டாலும் துலங்கும் பல்கலை வல்லவரை அப்படிச் சொல்வார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் தொட்டுவிட்டு எதிலும் ஆழாதவர் என்று ஏளனமாகச் சொல்லும் பொருளும் அகராதியில் உண்டு. இரு மொழி கற்பவர்களுக்கு எச்சரிக்கையாக ஆசிரியர்கள் எடுத்துக்காட்டும் சொல் இது. கொரியர் ஒருவர் மனம் நிறைந்து சொல்லும் புகழுரை ஜப்பானியர் காதில் வசையாக விழக்கூடும்.

கொரிய மொழியின் மரியாதை முறை ஜப்பானியத்திலிருந்து வேறுபடுவதும் இங்கே கருதத்தக்கது. முன்சொன்ன தொலைபேசி உரையாடல் சோலில் நடந்தால், ஊழியர் வெளியாரிடமும் தம் தலைவரை மரியாதை ஒட்டோடும் உயர்வு வினையோடும்தான் குறிப்பிடுவார். உயர்ந்தவர் எந்த அவையிலும் உயர்ந்தவரே. இந்த வேறுபாடே தொடரின் பொருளை மாற்றியது என்று சொல்ல இயலாது. ஆனால் உள், புறம் என்ற கோடு ஜப்பானியப் பேச்சில் எவ்வளவு ஆழமாக ஓடுகிறது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

சீன மொழியில் இதற்கு நெருங்கிய தொடர் ‘பாமியன் லிங்லொங்’. எட்டுப் பக்கமும் சன்னல்கள் திறந்து ஒளி நிறைந்த மண்டபத்தைக் குறித்துப் பிறந்த தொடர் அது. நாளடைவில், யாரிடமும் வழுக்கிக்கொண்டு போகத் தெரிந்த சாமர்த்தியசாலியைக் குறிக்கலாயிற்று; அதில் மெச்சுதலும் ஐயமும் கலந்திருக்கும். ஜப்பானியர் இதையும் ‘ஹச்சிமென் ரேய்ரோ’ என்று எடுத்துக்கொண்டனர். அங்கே அது மாசற்ற தெளிந்த உள்ளம் என்ற நல்ல பொருளிலும் வழங்குகிறது.

இன்றைய வழக்கு

இக்கால ஜப்பானில் இந்தத் தொடர் ஓர் இக்கட்டைச் சுட்டுகிறது. ‘கூக்கி’, அதாவது காற்று, என்பது ஓர் அவையில் நிலவும் சொல்லப்படாத மனநிலைக்குப் பெயர். அதைப் படிக்கத் தெரியாதவரைக் ‘கே வை’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்தால் கேலி செய்யும் வழக்கம் 2007 வாக்கில் நாடெங்கும் பரவியது. காற்றைப் படிக்காவிட்டால் கே வை. அளவுக்கு மீறிப் படித்துவிட்டால் ஹப்போ பிஜின். இரண்டுக்கும் நடுவே உள்ள வழி குறுகலானது.

காற்றுக்கு எல்லோரும் பணிந்தால் என்ன நேரும் என்பதை யமாமோத்தோ ஷிச்சிஹேய் ‘கூக்கி நோ கென்க்யூ’ (1977) என்ற நூலில் ஆராய்ந்தார். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று யமாத்தோ போர்க்கப்பலின் கடைசிப் பயணம். வான்படைக் காவல் இல்லாமல் அக்கப்பலை ஒக்கினாவாவுக்கு அனுப்புவது பயனற்றது என்பது வல்லுநர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அன்றைய அவையின் காற்று எதிர்ப்பேச்சுக்கு இடம் தரவில்லை. 1945 ஏப்ரல் 7 அன்று கப்பல் மூழ்கியது; அதிலிருந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டனர்.

வேலை தேடும் மாணவர்களின் கையேடுகளில் இத்தொடருக்கு வேறொரு வாழ்வு உண்டு. நேர்காணலில் ‘உங்கள் குறை என்ன?’ என்று கேட்பது ஜப்பானிய நிறுவனங்களின் வழக்கம். ‘ஹப்போ பிஜின்’ என்று சொல்லத் துணிபவருக்குக் கையேடுகள் ஒரு வழி காட்டுகின்றன: அதே குணத்தை ‘கியோச்சோசேய்’, அதாவது கூடி உழைக்கும் பாங்கு, என்று நிறையாக மாற்றிச் சொல்லலாம், குறையாகவே சொன்னால், இப்போது தன் கருத்தை முதலில் எழுதி வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறேன் என்பதுபோல் திருத்த முயற்சி ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

அரசியலில் ‘ஹப்போ பிஜின் கைக்கோ’ என்ற தொடர் உண்டு. எல்லா நாடுகளையும் மகிழ்விக்கப் பார்க்கும் வெளியுறவுக் கொள்கையை இகழ்ந்து சொல்வது. 1976 முதல் 1978 வரை பிரதமராக இருந்த ஃபுகுதா தாக்கெயோ ‘ஸென்ஹோய்’ வெளியுறவு, அதாவது அனைத்துத் திசை வெளியுறவு, என்று தம் கொள்கைக்குப் பெயரிட்டார். எண்ணெய்க்கு அரபு நாடுகள், பாதுகாப்புக்கு அமெரிக்கா, அண்டையில் சீனாவும் சோவியத் ஒன்றியமும் என்றிருந்த நாட்டுக்கு அது தேவையாயிருந்தது. ஒரே கொள்கையை ஆதரிப்பவர் அனைத்துத் திசை என்பதும் எதிர்ப்பவர் எட்டுத் திசை அழகு என்பதும் இத்தகைய விவாதங்களில் இயல்பு.

இத்தொடரைப் பயன்படுத்துவதிலும் அநீதி நேர்வது உண்டு. இரு தரப்பின் நியாயத்தையும் உண்மையாகவே காண்கிற நடுநிலையாளர், சண்டையிட்டவர்களிடையே சமரசம் செய்கிறவர், மேலாளருக்கும் தொழிலாளருக்கும் நடுவில் நிற்கும் இடைநிலை அலுவலர் ஆகியோருக்கும் இந்த முத்திரை எளிதில் விழுந்துவிடுகிறது. இவர்களை ஹப்போ பிஜினிலிருந்து பிரித்தறிய வழி உண்டு. தொனியும் மரியாதைச் சொல்லும் ஆளுக்கு ஆள் மாறலாம். ஜப்பானியத்தில் மாறியே ஆக வேண்டும். சொல்லும் கருத்து மாறுகிறதா என்பதுதான் கேள்வி. ஓர் அறையில் சொன்னதை மறு அறையிலும் அதே பொருள்பட ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தாது.